கை பொறுக்கும் சூடு

1

ஸ்வீடனில் வியாழக்கிழமை என்றால் பட்டாணி சூப். பள்ளிக்கூடமானாலும் சரி, ஆஸ்பத்திரியானாலும் சரி, இதே வழக்கம். ஏன் வியாழக்கிழமை என்று கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். ஆகஸ்டில் பள்ளி திறந்த முதல் வியாழக்கிழமை, பெரிய அண்டாவிலிருந்து சூப்பைப் பரிமாறும் பாத்திரத்தில் ஊற்றிவிட்டு, அந்தப் பாத்திரத்தின் வெளிப்பக்கத்தில் சுண்டுவிரல் முட்டியை வைத்துக்கொண்டு நின்றேன். நின்றபடியே, "சிந்து, யஷ்வந்த், ஆயிஷா, முருகேஷ், லாவண்யா" என்று முணுமுணுத்தேன்.

எங்கள் அடுக்களையின் தலைமைச் சமையல்காரி கிறிஸ்டினா பின்னால் நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை.

"யாரைக் கூப்பிடுகிறாய்?" என்றாள்.

"யாரையும் இல்லை. சூடு பார்க்கிறேன்."

அவள் என் சட்டைப் பையில் செருகியிருந்த குச்சி தெர்மாமீட்டரைக் காட்டி, "இது கெட்டுப்போய்விட்டதா?" என்று கேட்டாள். நன்றாகத்தான் இருக்கிறது, வம்பே அதனால்தான் வந்தது என்றேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போய் வந்தவர்கள் ஒரு வாரம் இப்படித்தான் இருப்பார்கள் என்று விட்டுவிட்டாள்.

பெங்களூர் பிரேசர் டவுனில் என்னைத் தெரிந்தவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்தி, "மெர்சிக்கு அடுக்களையில் என்ன வேலை? அவள் அங்கே டீச்சர் இல்லையா?" என்று கேட்பார்கள். அவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் டீச்சர் இல்லை. பன்னிரண்டு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் சமைக்கிறேன். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டு முறை என் கையால் பரிசு கொடுக்க வைத்தீர்களே, அது டீச்சர் கை இல்லை.

2

பதினாறு வருஷத்துக்கு முன்னால் என் கணவருக்கு ஸ்வீடனில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை கிடைத்தது. நான் பெங்களூரில் பி.எட். முடித்து, மூன்று வருஷம் ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். ஸ்வீடனிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள், கணக்கு எந்த ஊரிலும் கணக்குதான், போய் இறங்கியதும் வேலை என்று நினைத்துத்தான் பெட்டி கட்டினேன். சேலைகளுக்கு நடுவே என் சர்டிபிகேட் கோப்பைத்தான் முதலில் வைத்தேன்.

அந்தக் கோப்பை மூன்று முறை அனுப்பினேன். முதல் முறை, மதிப்பெண் பட்டியல் போதாது, பாடத்திட்டமும் வேண்டும் என்றார்கள். அதை வாங்க அம்மா நான்கு நாள் பல்கலைக்கழகத்தில் ஜன்னல் ஜன்னலாக நின்றார். இரண்டாம் முறை, எந்தப் பாடத்துக்கு எத்தனை மணி நேரம் என்று அதில் இல்லையே என்றார்கள். மூன்றாம் முறை எல்லாம் சரியாக இருந்தது. இன்னும் ஒன்றரை வருஷம் இங்கே படிக்க வேண்டும், அதற்கு முன் மொழித் தேர்வின் கடைசிப் படியில் தேற வேண்டும் என்று ஒரு கடிதம் வந்தது. இந்த நாட்டில் கதவைச் சாத்தும்போதும் மரியாதையாகச் சாத்துவார்கள். திட்டக்கூட முடியாது.

மொழி வகுப்புக்குப் போனேன். நடுவில் ரெபெக்கா பிறந்தாள். கடைசிப் படியில் இரண்டு முறை தவறினேன். அப்போதுதான் பக்கத்துப் பள்ளி அடுக்களையில் ஒருத்திக்கு முதுகு வலி, ஆறு வாரத்துக்கு ஆள் வேண்டும் என்றார்கள். அந்த ஆறு வாரம்தான் இன்னும் முடியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

அம்மாவிடம் போனில் "ஸ்கூல்ல வேலை கெடச்சிருக்கும்மா" என்றேன். அதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. அடுத்த வாக்கியத்துக்கு நான் மூச்சு வாங்குவதற்குள் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். "டீச்சர் வேலையா, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார். நான்கு நாள் ஜன்னலில் நின்ற கால் அது. நான் வாயை மூடிக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. பிறகு வருஷா வருஷம் மூடிய வாயைத் திறப்பது கஷ்டமாகிக்கொண்டே போயிற்று.

வெட்கமா என்று கேட்டால், இங்கே இருக்கும்போது கிடையாது. முந்நூற்று எண்பது பிள்ளைகளுக்கு நாங்கள் நான்கு பேர் சமைக்கிறோம். எவனுக்குப் பால் ஆகாது, எவளுக்குக் கோதுமை ஆகாது, எந்தப் பிள்ளை பன்றி இறைச்சி தொடாது என்ற பட்டியல் எனக்கு மனப்பாடம். ஆறு வயதுப் பொடிசுகள் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். முதலில் சுருக்கென்று இருந்தது, இப்போது கூப்பிடாவிட்டால்தான் என்னவோ போல் இருக்கிறது. ரெபெக்கா அதே பள்ளிதான். சின்ன வகுப்பில் இருந்தபோது தோழிகளை வரிசையாக அழைத்துவந்து, "இதுதான் என் அம்மா, கேட்டால் இன்னொரு அப்பம் போடுவாள்" என்று பீற்றிக்கொள்வாள். விமானம் பெங்களூரில் இறங்கியதும்தான் எனக்கு அந்த வெட்கம் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்ளும்.

3

இந்த ஜூலையில் ஊருக்குப் போனபோது ஷமீம் பிடித்துக்கொண்டாள். பி.எட்.டில் நானும் அவளும் ஒரே பெஞ்ச், வீடு இரண்டு தெரு தள்ளி. நான் விமானம் ஏறினேன், அவள் அரசுத் தேர்வு எழுதினாள். இன்று ஆனேக்கல் தாண்டி ஓர் அரசுக் கன்னட ஆரம்பப் பள்ளிக்குத் தலைமையாசிரியை.

"எத்தன தடவ வந்தே, ஒரு தடவையாச்சும் என் ஸ்கூலுக்கு வந்தியாடி? இந்த வாட்டி வராம ஃபிளைட் ஏறினே, அப்புறம் உன் சங்காத்தமே வேணாம்" என்றாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை ரெபெக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் மட்டும் அவள் ஒரு முழுப் படம் பார்த்து முடித்திருக்கலாம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பிரார்த்தனைக்குப் பிள்ளைகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். ஷமீம் என்னை முன்னால் நிறுத்தி, "இவங்க என் கூடப் படிச்சவங்க, ஸ்வீடன் தேசத்துல டீச்சர்" என்று கன்னடத்தில் சொன்னாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். அவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. பக்கத்தில் நின்ற ரெபெக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் கொடிக்கம்பத்தைப் பார்த்தேன்.

நல்ல பள்ளிக்கூடம். மொத்தம் தொண்ணூறு பிள்ளைகள் இருப்பார்கள். பாடம் கன்னடத்தில் நடக்கும், சண்டை தெலுங்கில் நடக்கும், விழுந்து அடிபட்டால் அழுகை தமிழில் வரும். சுற்றிலும் ரோஜாத் தோட்டங்கள், அங்கே வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள்தான் பாதிப்பேர். ரெபெக்காவை நான்கு பெண்கள் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எந்த மொழியில் பேசிக்கொண்டார்களோ, அரை மணி நேரத்தில் அவள் தலையில் பூ இருந்தது.

ஷமீம் எனக்கு வகுப்பறைகளைக் காட்டினாள், கம்ப்யூட்டரைக் காட்டினாள். என் கால் மட்டும் தாளிப்பு வாசனை வந்த பக்கமே இழுத்தது. கடைசியில் நானே கேட்டு அடுக்களைக்குப் போனேன்.

கர்நாடகத்தில் அரசுப் பள்ளி மதிய உணவை பிசியூட்டா என்பார்கள். சுடு சாப்பாடு என்று அர்த்தம். அதைச் சமைக்கிறவள் பெயர் பாக்கியம்மா. நாற்பது வயது இருக்கும். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரி, இந்தப் பள்ளியில் பதினோரு வருஷமாகச் சமைக்கிறாள். சின்ன அடுக்களைதான். ஆனால் நான் நுழைந்ததும் என் கண் போன இடமெல்லாம் சரியாக இருந்தது. கரண்டிகள் அளவு வாரியாகத் தொங்கின. நறுக்கும் பலகை ஈரமில்லாமல் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. மூடி இல்லாத பாத்திரம் ஒன்றுதான், பரிமாறும் இடத்துக்குப் பக்கத்தில் திறந்து வைத்த சின்ன சாம்பார்ப் பாத்திரம்.

பன்னிரண்டு வருஷப் பழக்கம் விடுமா? என் கைப்பையில் எப்போதும் ஒரு குச்சி தெர்மாமீட்டர் கிடக்கும். ரயிலில் வாங்கிய காபியைக்கூட அளந்து பார்த்திருக்கிறேன், அப்படி ஒரு வியாதி. எடுத்துச் சாம்பாரில் விட்டேன். ஐம்பத்து நான்கு காட்டியது. எங்கள் அடுக்களையில் அறுபதுக்குக் கீழே எதுவும் வெளியே போகக்கூடாது.

பாக்கியம்மா தெர்மாமீட்டரைப் பார்த்தாள். பிறகு மடித்து விட்டிருந்த என் சட்டைக் கையைப் பார்த்தாள். அப்பளத்தை எடுக்கப் போய்விட்டாள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகளுக்குப் போடுமுன் ஒரு டீச்சர் ருசி பார்த்து நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். விருந்தாளி வந்தால் அவரும் எழுதலாம். பெயர், பதவி, கருத்து என்று மூன்று கட்டம். பெயர் எழுதினேன். பதவியில் பேனா நின்றது. ஷமீம் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "டீச்சர்னு எழுதுடி, அதுக்கு என்னா யோசனை" என்றாள். அதுவரை நான் அந்தப் பொய்யை மறுக்காமல் இருந்திருக்கிறேனே தவிர, என் வாயால் சொன்னதில்லை. அன்றைக்கு என் கையாலேயே எழுதினேன். அதற்குள் ஷமீமுக்கு போன் வந்தது, வெளியே போனாள். கருத்துக் கட்டத்தில், "சாம்பார் 54 டிகிரி. பரிமாறும்போது 60-க்குக் குறையக்கூடாது" என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஸ்வீடனில் அப்படி எழுதினால் யாரும் யாரையும் திட்டுவதில்லை. படித்தவர் அதைத் திரும்பச் சுட வைத்து, பக்கத்தில் ஒரு டிக் போடுவார். அந்த நோட்டின் முந்தைய பக்கங்களைப் புரட்டியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். வருஷக்கணக்கில் எல்லாக் கட்டத்திலும் ஒரே வார்த்தைதான், 'நன்றாக உள்ளது.'

திரும்பும்போது பஸ்ஸில் ரெபெக்கா ஸ்வீடிஷில் கேட்டாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் வராது.

"அம்மா, நீ ஏன் டீச்சர் என்று எழுதினாய்?"

"அது பெரிய கதை."

"சமையல் வேலை கெட்ட வேலையா?"

"இல்லை."

"பின்னே?"

பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு அவள் பாட்டியின் கால் நான்கு நாள் ஜன்னலில் நின்றதை எப்படிச் சொல்வது? அவள் ஊர் அவளுக்கு இந்த வெட்கத்தைக் கற்றுக்கொடுக்கவில்லை. பிள்ளைகள் நம்மைவிட்டு விலகிப் போகிறார்கள் என்று ஸ்வீடனில் நம் ஊர்க்காரர்கள் கூடும்போதெல்லாம் புலம்புவோம். அன்றைக்கு அவள் விலகி நின்ற இடம் என்னுடையதைவிட நல்ல இடம் என்று தோன்றியது. வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

4

வெள்ளிக்கிழமை ஷமீம் கூப்பிட்டாள். எடுத்ததுமே சத்தம்.

"என்னாடி எழுதி வெச்சிட்டுப் போனே? உன்ன யாரு தெர்மாமீட்டர் விடச் சொன்னா?"

நடந்தது இதுதான். மதிய உணவைப் பார்வையிடும் அதிகாரி வந்திருக்கிறார். நோட்டைத் திறந்திருக்கிறார். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக 'நன்றாக உள்ளது' இல்லாத ஒரு வரி, அதுவும் வெளிநாட்டு டீச்சர் கையெழுத்தோடு. பெயரே சுடு சாப்பாடு, சூடில்லை என்று ஃபாரின்காரர் எழுதிவிட்டுப் போயிருக்கிறாரே என்று கேட்டிருக்கிறார். தலைமையாசிரியை எழுத்தில் விளக்கம் தர வேண்டும், திங்கள்கிழமை மறுபடி வந்து பார்த்து முடிவு செய்வேன், அதுவரை சமையல்காரியை மாற்றுவது பற்றியும் பள்ளிக் கமிட்டி யோசிக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"மாத்துறதா? அந்த ஒரு வரிக்கா?"

"அவளுக்கு என்ன பர்மனன்ட் வேலையா? வருஷா வருஷம் புதுப்பிக்கறது. வேணான்னு கமிட்டி சொன்னா அதோட சரி. பதினோரு வருஷம்டி, ஒரு நாள் ஒரு புள்ளைக்கு வயித்து வலின்னு வந்ததில்ல. அவ பொண்ணு காலேஜுல பியூசி படிக்குது. இத விட்டா அவளுக்கு ரோஜாத் தோட்டம்தான்."

"பாக்கியம்மா என்ன சொன்னாங்க?"

"அவ ஒண்ணும் சொல்லல. அந்த அம்மா படிச்சவங்க, அவங்களுக்குத் தெரிஞ்சத எழுதியிருக்காங்கன்னுட்டா."

அந்த வார்த்தையில் எனக்கு உடம்பு கூசிவிட்டது. நான் திங்கள்கிழமை வருகிறேன் என்றேன். வந்து, முதலில் எழுதியது தப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், ஜல்தி வா என்றாள் ஷமீம். ஹாலில் பைபிளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "என்னாச்சு மெர்சி?" என்றார். சாம்பார் விஷயம் என்றேன். "டீச்சருக்கு எதுக்கு சாம்பார் விஷயம்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பப் படிக்க ஆரம்பித்தார்.

5

திங்கள்கிழமை பதினொன்றரைக்கே போய்விட்டேன். ரெபெக்காவும் வந்தாள். நேராக அடுக்களைக்குப் போனேன். பாக்கியம்மா முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். எழுந்து முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"உங்க வேலைக்கு நான் வம்பு பண்ணிட்டேன். மன்னிச்சிடுங்க" என்றேன்.

"அய்ய, இன்னாத்துக்கு மேடம் பெரிய வார்த்தை. சூடு பாத்தீங்க, எழுதினீங்க. பொய்யா எழுதினீங்க?"

"அன்னிக்கு சாம்பார் ஏன் ஆறியிருந்திச்சி?"

அவள் மூலையில் கொதித்துக்கொண்டிருந்த பெரிய அண்டாவைக் காட்டினாள். "அது பெரிய புள்ளைங்களுக்கு. நீங்க குச்சி விட்டது இந்தச் சின்னது. இது ஒண்ணாங்கிளாஸ், ரெண்டாங்கிளாஸ் புள்ளைங்களுக்கு. தட்ட மடியில வெச்சிக்கினு தரையில உக்காந்து கையால சாப்புடுதுங்க. கொதிக்கக் கொதிக்க ஊத்தினா வெரலு என்னாத்துக்கு ஆவும்? சிந்துன்னா தொடை வெந்துடும். அதான் தனியா எடுத்துத் தொறந்து வெப்பேன்."

"எவ்ளோ நேரம்?"

"நேரம்லாம் தெரியாது." சுண்டுவிரல் முட்டியைப் பாத்திரத்தின் வெளிப்பக்கம் வைத்தாள். "மொதோ வரிசையில அஞ்சு புள்ளைங்க. சிந்து, யஷ்வந்த், ஆயிஷா, முருகேஷ், லாவண்யா. அஞ்சு பேரு சொல்ற வரைக்கும் கை தாங்கிச்சின்னா ஊத்தலாம். நடுவுல சுட்டுதுன்னா இன்னும் ஆவல. வருசா வருசம் மொதோ வரிசை மாறும், பேரையும் மாத்திக்குவேன்."

ஸ்வீடனில் எங்கள் பிள்ளைகள் கரண்டியாலும் முள்கரண்டியாலும் சாப்பிடுகிறார்கள். அறுபது அவர்களுக்கான கணக்கு. இருபத்தெட்டு வயது வரை கையால் பிசைந்து சாப்பிட்டு வளர்ந்தவள் நான், ஒரு தெர்மாமீட்டரை எடுத்ததும் கை என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. என் மேல் எனக்கே ஆத்திரம் வந்தது. கூடவே, இந்தப் பொம்பளை எப்பேர்ப்பட்ட சமையல்காரி என்று நெஞ்சு நிமிர்ந்தது. என் தொழில்காரி என்ற பெருமைதான், வேறென்ன.

பன்னிரண்டு மணிக்கு அதிகாரி வந்தார். கெட்டவர் இல்லை. கையில் கோப்பு, நெற்றியில் வியர்வை, இன்னும் மூன்று பள்ளி பார்க்க வேண்டும் என்ற அவசரம். ஷமீம் என்னை அறிமுகப்படுத்தினாள். நான் எனக்குத் தெரிந்த கன்னடத்தில், அன்றைக்கு எழுதியது தவறு, சின்னப் பிள்ளைகளுக்கு அந்தச் சூடுதான் சரி, அதை எழுத்தில் தருகிறேன் என்றேன்.

அவர் நோட்டைத் திறந்து என் வரியில் விரலை வைத்தார். "மேடம், நீங்கள் டீச்சர். செவ்வாய்க்கிழமை சூடு போதாது என்று எழுதினீர்கள். இன்று சரி என்கிறீர்கள். தலைமையாசிரியை உங்கள் சிநேகிதி. நாளைக்கு என்னை ஒருத்தர் கேட்டால் நான் என்ன பதில் சொல்ல? சமையல் சூட்டைப் பற்றி ஒரு டீச்சருக்கு என்ன தெரியும் என்று கேட்பார்களே."

நியாயமான கேள்விதான். ஷமீம் என்னைப் பார்த்தாள். பாக்கியம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ரெபெக்காவுக்குக் கன்னடம் தெரியாது, ஆனால் என் முகம் தெரியும். என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நான் டீச்சர் இல்ல சார்" என்றேன். "ஸ்வீடன்ல ஒரு ஸ்கூல்ல சமையல் வேலை. பன்னெண்டு வருஷமா. அங்க முந்நூத்தி எண்பது புள்ளைங்க. அந்த வேலையில இருக்கறதாலதான் பையில தெர்மாமீட்டர் இருந்திச்சி. டீச்சர்னு எழுதினது பொய். நீங்க என் கருத்த எடுத்துக்கணும்னா ஒரு சமையல்காரி சொன்னதா எடுத்துக்கங்க. இந்த அம்மாகிட்ட குறை ஒண்ணும் இல்ல. நான்தான் கையால சாப்பிடறத மறந்துட்டேன்."

ஷமீம் முகத்தை நான் பார்க்கவில்லை, தைரியம் இல்லை. அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, இன்றைக்கு ருசி பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்" என்றார். பிறகு தானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டார்.

முதல் வரிசையில் லாவண்யாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பாக்கியம்மா சோறு போட்டு, சின்னப் பாத்திரத்திலிருந்து சாம்பார் ஊற்றினாள். விரலை வைத்தேன், வெடுக்கென்று எடுத்துவிட்டேன். அறுபதைத் தொடாத அந்தச் சூடே எனக்குச் சுட்டது. லாவண்யா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தட்டின் ஓரத்திலிருந்து பிசைய வேண்டும் என்று செய்து காட்டினாள். எதிரே உட்கார்ந்திருந்த அதிகாரியும் விரலை உதறிக்கொண்டுதான் சாப்பிட்டார். இரண்டாம் முறை சோறு வாங்கினார். அதற்குமேல் எனக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

நோட்டில் புது வரி எழுதினேன். பள்ளியில் படித்த கன்னட எழுத்து, கோணல்மாணலாக வந்தது. கருத்து: 'பிள்ளைகளின் கைக்குச் சரியான சூடு. மிக நன்றாக உள்ளது.' பதவி: 'பள்ளிச் சமையல்காரர், ஸ்வீடன்.' அதிகாரி கீழே கையெழுத்திட்டார். விளக்கம் தேவையில்லை என்று ஷமீமிடம் சொல்லிவிட்டு அடுத்த பள்ளிக்குக் கிளம்பினார்.

பாத்திரம் கழுவும் இடத்தில் பாக்கியம்மா என்னிடம் வந்தாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா" என்றாள். மேடம் போய் அக்கா வந்திருந்தது.

"என்ன தெரியும்?"

அவள் என் முழங்கைக்குக் கீழே இருந்த நான்கைந்து தழும்பு வரிகளைத் தொட்டாள். அடுப்புக்குள் தட்டை வைத்து எடுக்கும்போது சுட்டவை. பிறகு தன் கையைத் திருப்பி, அண்டா விளிம்பு சுட்ட வரிகளைக் காட்டினாள். "டீச்சருக்கு இங்க சுடாது."

"அப்புறம் ஏன் சொல்லல? அந்த அம்மா வெறும் சமையல்காரின்னு அவர்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்குமே."

"நீங்களே சொல்லாதத நான் எப்டிக்கா சொல்றது?" என்றாள்.

வேலை போகிற நிலையில் இருந்தவள் மூன்று நாள் என் பொய்யைக் காப்பாற்றியிருக்கிறாள். நான் அங்கேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ரெபெக்கா எங்கள் இருவருக்கும் தண்ணீர் கொண்டுவந்தாள்.

ஷமீம் பஸ் நிறுத்தம் வரை எனக்கு முன்னாலேயே விடுவிடுவென்று நடந்தாள். பஸ் கண்ணுக்குத் தெரிந்ததும், "பொய்க்காரி. ப்ரேயர்ல கை தட்ட வெச்சேன் பாரு உனக்கு" என்றாள். பிறகு, "அடுத்த வாட்டி வந்தா சமையல்காரின்னே சொல்லி மறுபடி தட்ட வெக்கறேன். நீ வராம மட்டும் இரு" என்றாள்.

6

அம்மாவிடம் அன்று சாயங்காலமே சொன்னேன். எல்லாவற்றையும், முதல் போனிலிருந்து. முடிந்த பிறகு அம்மா பைபிள் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எத்தன பேருக்கு?" என்றார்.

"முந்நூத்தி எண்பது பேருக்கும்மா."

"தெனமுமா?"

"ஸ்கூல் இருக்கற எல்லா நாளும்."

"தனியாவா?"

"நாலு பேரு."

எழுந்து உள்ளே போய்விட்டார். கோபமா, வருத்தமா என்று தெரியவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்னை அடுக்களைப் பக்கமே விடவில்லை. வாரம் முழுக்க அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. பெட்டி கட்டும்போதெல்லாம் எனக்கு, ஊர் முழுக்கச் சொல்லிவைத்த வார்த்தையை இனி அவர் எப்படித் திரும்ப எடுப்பார், எப்படித் தலை நிமிர்ந்து சபைக்குப் போவார் என்றுதான் யோசனை.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வெளியே வந்தோம். சபைச் செயலாளர் வழக்கம்போல் சிரித்துக்கொண்டே வந்து, "டீச்சரம்மா எப்போ கெளம்பறீங்க?" என்றார். சுற்றிலும் தெரிந்த முகங்கள். நான் வாயைத் திறக்குமுன் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"அவ டீச்சர் இல்லீங்க. நான்தான் தப்பாப் புரிஞ்சிக்கினு எல்லாருக்கும் சொல்லிட்டேன்" என்றார். பிறகு தலையை நிமிர்த்திக்கொண்டார். "ஸ்கூலுக்குச் சமைக்கிறா. நான் எங்க வீட்டு அஞ்சு பேருக்குச் சமைக்கவே திணறினவ. எம் பொண்ணு தெனமும் ஐநூறு புள்ளைங்களுக்குச் சோறு போடறா."

முந்நூற்று எண்பதுதான். நான் திருத்தவில்லை.